பாஸ் இல்லாத மாத்திரை

உலகத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆசாமிகள் என்று ஓர் இனம் உண்டு. தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு தும்மல் போடுங்கள், தானே வந்து நிற்பார்கள். தூசியால் தும்மினோம் என்றுதானே நினைத்தீர்கள்? கிடையவே கிடையாது. உங்கள் மைட்டோகாண்ட்ரியா துருப்பிடித்திருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், மதிய இடைவேளை அதோடு போச்சு.

இந்த இனத்தில் தலைசிறந்தவர், பல மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் பாதுகாப்பு அதிகாரி. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் காதுபட ‘சார்’ என்பார்கள், காது படாதபோது ‘மைட்டோ மாமா’ என்பார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று சக்தி உண்டாக்கும் குட்டி உலைகள் இருக்கின்றன, உலை எரிந்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் உலையே அரித்துப்போகும், அந்தப் பொறியை அணைப்பதுதான் ஆன்டிஆக்ஸிடன்ட், அது இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது என்று அவர் மாத்திரை டப்பாவைக் குலுக்குவார். பொறி வரைக்கும் சரிதான். ஆனால் வாயில் போட்ட மாத்திரை நேரே போய் உலைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பது மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே போவது எவ்வளவு கஷ்டம் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்த மனிதர் அந்த ஊரிலேயே இல்லை. “நல்லவரோ கெட்டவரோ, பாஸ் எங்கே?” இதுதான் அவருடைய வேதம். ஒரு முறை தரைத்தளத்தில் குழாய் வெடித்துத் தண்ணீர் பீய்ச்சியடித்தபோது, ஓடி வந்த ப்ளம்பரின் பாஸில் ‘எலெக்ட்ரீஷியன்’ என்று தவறாக அச்சாகியிருந்தது. விட்டாரா? முழங்கால் அளவு தண்ணீரில் நின்றபடி, புதுப் பாஸ் வரும்வரை அவரை வெளியே நிறுத்திவைத்தார். வாசலில் பார்வையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளையும் எடுக்கச் சொன்னார், உட்கார இடம் கொடுத்தால் ஜனங்கள் உட்கார்ந்துவிடுகிறார்களாம்.

வீட்டிலும் அவர் அதே அதிகாரிதான். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. கொஞ்ச காலமாக முகம் வெளுத்து, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தார்.

“என்னங்க, ரெண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. நெஞ்சு வேற படபடன்னு...”

“மைட்டோகாண்ட்ரியா.”

“முழுசாச் சொல்ல விடுங்களேன். டாக்டர்கிட்ட ஒரு தடவை...”

“இனிமே ரெண்டாப் போட்டுக்கோ.”

கல்லூரியில் உயிரியல் படிக்கும் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “அப்பா, அது உள்ள எப்படிப் போகும்?”

“எது?”

“உங்க மாத்திரைதான். அதுல முக்கால்வாசி குடல்லயே உடைஞ்சு போயிடும். அந்தச் சரக்கை செல் தானே தயார் பண்ணிக்குது. அப்படித் தயார் பண்ணினதுகூட மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள சும்மா நுழைய முடியாது. உள்சுவர்ல அதுக்குன்னே ஒரு புரதம் வாசல்காரர் மாதிரி நிக்குது, அடையாளம் பார்த்துத்தான் உள்ள விடும். கிட்டத்தட்ட உங்க ஆபீஸ்தான்.”

“நல்லது பண்ண வர்றதைப் போய் யாராவது தடுப்பாங்களா?”

“ப்ளம்பரை யாருப்பா தடுத்தா?”

“சாப்பிடும்போது என்ன பேச்சு?” என்றார் மாமா. விவாதம் முடிந்தது.

பார்த்துப் பார்த்து மனைவி ஒரு முடிவுக்கு வந்தார். மாமாவின் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஓர் ஆஸ்பத்திரி. அரை நாள் லீவு போட்டு, டாக்டரிடம் நேரமும் வாங்கி, கணவரைக் கையோடு கூட்டிப்போய்விடலாம் என்று வாசலில் வந்து நின்றார். மாமா அப்போது ஏழாவது மாடியில் கணக்குப் பிரிவுக்கு உலைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். போன் மௌனத்தில் இருந்தது.

“மன்னிச்சுக்குங்க மேடம். பாஸ் இல்லாம விட முடியாது” என்றார் காவலாளி.

“நான் உங்க சாரோட வீட்டுக்காரிங்க.”

“அதையும் சொல்லி வச்சிருக்கார் மேடம். என் வீட்டு ஆளா இருந்தாலும் விடாதேன்னு.”

நின்றார். உட்காரத்தான் நாற்காலி இல்லையே! நின்றவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தடுப்புக் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தார்.

தகவல் கிடைத்து மாமா படிகளில் உருண்டு புரண்டு ஓடி வந்தால், அவருடைய அடையாள அட்டை மேலே மேஜையில் கிடக்கிறது. தானியங்கிக் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி தரையில் கிடக்கிறார், இந்தப் பக்கம் கட்டடத்துக்கே அதிகாரி கதவைக் குத்துகிறார். பயந்துபோனார் மனிதர், வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. கடைசியில் கதவை ஒட்டியிருந்த தடுப்புக் கம்பியைத் தாண்டிக் குதித்தபோது பையிலிருந்த டப்பா விழுந்து மாத்திரைகள் வாசலெங்கும் சிதறின. ஒன்றுகூட உள்பக்கம் உருளவில்லை.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். “உடம்புல ரத்தமே இல்ல. இரும்புச் சத்து அடிமட்டத்துக்குப் போயிருக்கு. இத்தனை நாளா என்ன செஞ்சீங்க?”

“துருப்பிடிச்சிருக்குன்னு நினைச்சேன் டாக்டர்.”

“துருப்பிடிக்கவும் இரும்பு வேணுமே” என்று கட்டிலிலிருந்து ஒரு சன்னமான குரல் கேட்டது.

மாமா மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த இனத்துக்கே உரிய அந்தக் கேள்வியைக் கேட்டார்: “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

மகள் கூரையைப் பார்த்தாள்.

“சொன்னேங்க. எத்தனையோ தடவை சொன்னேன்” என்றார் மனைவி. “பாஸ் இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டீங்க.”

மறுவாரமே வாசலுக்கு நாற்காலிகள் திரும்பி வந்தன. பிறகு ஒரு மதியம் யாரோ கொட்டாவி விட, மாமா “உடம்புக்குள்ள இரும்பு எப்படிப் போகுதுன்னு தெரியுமாய்யா?” என்று ஆரம்பித்துவிட்டாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் யாராவது, “கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கு...” என்று இழுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னது என்ன? ஞாபகம் வருகிறதா? இல்லை, அவர்கள் முடிப்பதற்குள் நீங்கள்... என்ன, நான் கேட்டு முடிப்பதற்குள்ளேயே பதில் தயாராகிவிட்டதா?