உட்கார்ந்தால் டிக்கெட்

படக் கம்பெனிப் பிரதிநிதி பரந்தாமன் டார்ச் விளக்கும் கையுமாகத் தரை டிக்கெட்டுக்காரர்களை எண்ணி முடித்துப் பெஞ்சுக்கு வந்தபோது கொட்டகை முதலாளி ஜம்புலிங்கம் நாற்காலிப் பக்கம் விரைந்தார். பெஞ்சுக்கு அடுத்தது நாற்காலி. அங்கேதான் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்திருந்த வருங்காலச் சம்பந்தி வீரராகவன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். மொத்தம் ஏழு பேர். சொன்ன நேரத்துக்குக் கால் மணி தாமதமாக வந்தவர்களை, திரைக்குப் பின்னால் தட்டியை விலக்கி உள்ளே அழைத்து வந்து உட்காரவைத்தவர் ஜம்புலிங்கமேதான்.

அது யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியதிலிருந்து அவருடைய டெண்டுக் கொட்டகையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. படம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் ஈயோட்டும் படம் இரண்டையும் சேர்த்து எடுத்தாக வேண்டும் என்பது பட்டணத்துக் கம்பெனியின் சட்டம். அந்த இரண்டையும் வெறும் மணலுக்கு ஓட்டிக் காட்டிய பிறகுதான் இந்தப் படப்பெட்டி வந்தது. வசூலில் பாதி கம்பெனிக்கு என்பதால், தலையை எண்ணுவதற்குப் பெட்டியோடு பரந்தாமனும் வந்து சேர்ந்தார். ஒப்பந்தத்தின் ஏழாவது ஷரத்துப்படி, கொட்டகையில் வேலை செய்கிறவர்களைத் தவிர யாரும் ஓசியில் படம் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெட்டி பாதிப் படத்திலேயே ரயிலேறிவிடும்.

ஏழு டிக்கெட் வாங்கி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஜம்புலிங்கத்துக்கு அது தோன்றவே இல்லை. எட்டு வருஷமாகக் கொட்டகை நடத்துகிறவர், தன் கையால் ஒரு டிக்கெட் வாங்கியதில்லை. "நம்ம கொட்டாய், நீங்க வந்தா போதும்" என்று சம்பந்தி வீட்டில் மார்தட்டிவிட்டு வந்திருந்தார். இப்போது டிக்கெட் கொடுக்கும் இடத்தை மூடி, புத்தகத்தைப் பரந்தாமன் தன் பையில் வைத்துப் பூட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை மகள் தாட்சாயிணிக்கு நிச்சயதார்த்தம். மூன்று இடம் தட்டிப்போய் நாலாவதாகக் கூடிவந்த இடம்.

டார்ச் வெளிச்சம் வீரராகவன் முகத்தில் விழுந்தது. டிக்கெட் எங்கே என்று கேட்டார் பரந்தாமன். வீரராகவன் வாயைத் திறந்தபடி மடிக்குக் கையைக் கொண்டுபோனார். வெற்றிலைப் பை எடுக்கிற நேரமா இது என்று ஜம்புலிங்கம் குறுக்கே புகுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவங்க நம்ம கொட்டாய் ஆளுங்க சார். ஏழு பேரும்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. பரந்தாமன் வீரராகவனின் சரிகை வேட்டியையும், அவர் மனைவி பொன்னம்மாள் கழுத்திலிருந்த காசுமாலையையும் மேலும் கீழும் பார்த்தார்.

"வேலைக்காரங்கன்னா வேலை செய்யணும். உட்கார்ந்தா டிக்கெட்."

ஜம்புலிங்கம் குனிந்து, சம்பந்தியின் காதில் ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கொள்ளும்படி கெஞ்சினார்.  வீரராகவன் மடியிலிருந்து வெறுங்கையை எடுத்து, அவர் காதோடு சொன்னார்.

"அதுக்கு இன்னா சம்பந்தி. இன்னா வேலன்னு சொல்லுங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஜம்புலிங்கத்துக்குத் தேவலையாக இருந்திருக்கும். பத்துக் காணி நிலத்துக்குச் சொந்தக்காரர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, புழுதி பறக்காமல் மணலில் தண்ணீர் தெளிக்கப் போனார். பொன்னம்மாள் முறுக்குத் தட்டை இடுப்பில் ஏந்திக்கொண்டாள். மாப்பிள்ளை லோகநாதன் புதுச் சட்டையோடு ஆயில் என்ஜினுக்குப் பக்கத்தில் போய் நின்று பத்தே நிமிஷத்தில் கறுத்துப் போனான். மற்ற நாலு பேரும் மூலைக்கு ஒருவராகக் கூடாரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது வந்தது அடுத்த வினை. தரையில் உட்கார்ந்திருந்த வேம்புலி முத்தாபுதுப்பேட்டைக்காரன். "நம்ம ஊரு பெரியவரு மாதிரியே கீதே" என்று எழுந்து நின்றான். ஜம்புலிங்கம் ஓடிப்போய், அவர் வேறு, இவர் வேறு, இவர் கொட்டகை ஆள் என்று அடித்துச் சொன்னார்.

வேம்புலி நிம்மதியாக உட்கார்ந்தான். "அப்டின்னா இந்தாண்ட நல்லா தெளி நைனா. ஒரே மண்ணா கீது" என்றான். வீரராகவன் அந்தாண்டை போய் நன்றாகவே தெளித்தார்.

ஜம்புலிங்கத்துக்கு அழுகை வந்தது. எப்படியாவது அந்தப் பக்கெட்டையாவது சம்பந்தி கையிலிருந்து வாங்கிவிட வேண்டும். பரந்தாமனிடம் போய், அவர் வெறும் ஆள் இல்லை, மேஸ்திரி, மேற்பார்வை மட்டும்தான் அவருடைய வேலை என்றார். மேஸ்திரியைத்தான் மூன்று நாளாகத் தேடுகிறேன் என்று பரந்தாமன் உற்சாகமாக எழுந்தார். கூடாரத்துத் துணியில் உள்ள பதினாலு கிழிசலையும் விரலால் காட்டி, சோறுதானே தின்கிறாய் என்று பெண்டாட்டி பிள்ளைக்கு எதிரிலேயே வீரராகவனை ஒரு பிடி பிடித்தார்.

"நாளைக்கே தெச்சுடறேங்க" என்றார் வீரராகவன், மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு.

அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க ஜம்புலிங்கத்தால் முடியவில்லை. தாட்சாயிணியிடம் என்னவென்று சொல்வது? உன் மாமனாரை ஓசிப் படத்துக்குக் கூப்பிட்டு வேலைக்காரனாக்கி அனுப்பினேன், வெள்ளிக்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்றா? வெட்கம் தாங்காமல், இடைவேளையில் உண்மையைச் சொல்லிவிடுவது, பெட்டி போனால் போகட்டும் என்று முடிவுக்கு வந்தார்.

ஆனால் இடைவேளையில் அவர் வாயைத் திறப்பதற்குள் பரந்தாமன் டிக்கெட் புத்தகத்தோடு வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. மூன்று தரம் எண்ணிப் பார்த்துவிட்டாராம்.

"தலை ஏழு குறையுதுய்யா. எந்தக் கொட்டகையிலயும் டிக்கெட்டைவிடத் தலை அதிகமாத்தான் இருக்கும். டிக்கெட்டை வாங்கிட்டு ஆள் வராம இருக்கறதை நான் பார்த்ததே இல்லை. அந்த ஏழு பேர் எங்கே?"

ஜம்புலிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. டிக்கெட் கொடுக்கும் துலுக்கானத்தைக் கூப்பிட்டு, ஏழு டிக்கெட்டை மொத்தமாக வாங்கியது யார் என்று கேட்டார். துலுக்கானம் தலையைச் சொறிந்தான். பக்கெட்டோடு நின்ற வீரராகவனைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று கண்ணால் சொல்வதையும் பார்த்தான். ஆனாலும் கேட்பவர் முதலாளி ஆயிற்றே.

"அவுங்கதான், மொதலாளி. பொண்ணு எடுக்கற ஊட்ல ஓசில படம் பாக்கறது கேவலம், ஒங்க கைல சொன்னா மனசு நோவும்னு, பின்னால வர்றதுக்கு முந்தி என்னாண்ட வந்து ஏழு டிக்கெட்டும் வாங்கி மடியில சொருகிக்கினு, நிச்சயம் முடியற வரைக்கும் வாய தொறக்காதன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."