வார்டு மெம்பர் கேட் ஏறிய கதை

சிலருக்குச் சர்க்கரை வியாதி, சிலருக்கு ரத்தக் கொதிப்பு. எனக்கு மைக் வியாதி. கையில் மைக் இல்லாதவரை நான் ஒழுங்கான மனுஷி. தையல் மிஷினில் குனிந்தால் ஜாக்கெட்டில் ஒரு சுருக்கம் விழாது. மைக்கைக் கொடுத்துவிட்டால் போச்சு. வாய் எனக்கு முன்னால் ஓடும், நான் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுவேன். அப்படி ஓடித்தான் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற கிரவுண்டைப் பூட்ட வைத்தேன்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சங்கரன்கோவிலில் டவுன் பஸ் ஏறிக் கண்ணயர்ந்தால் தாண்டிப் போய்விடுகிற தூரம். (இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். சொல்லாததற்கு அதுதான் காரணம்.) என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவில் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை அடிக்கிறவர். எனக்குத் தையல் கடை. எங்கள் வார்டைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியதும், ஊரில் பாதிப் பெண்களின் அளவு எனக்குத் தெரியும் என்கிற ஒரே தகுதியில் நின்று, ஜெயித்து, பஞ்சாயத்து வார்டு மெம்பர் ஆனேன்.

அப்போது ஊரில் மோட்டார் வயர் திருட்டு. கிணற்று மோட்டாருக்குப் போகிற கேபிளை அறுத்து, குளத்தங்கரையில் போட்டு எரித்து, உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை எடைக்குப் போட்டுவிடுவார்கள். கதிர் வாங்குகிற நேரத்தில் தண்ணீர் பாய்ச்ச வழியில்லாமல் நின்ற விவசாயிகளின் வயிற்றெரிச்சல் கொஞ்சமில்லை. கடைசியில் போலீஸ் வந்தபோது, அறுத்த பெரிய ஆட்கள் ஓடிவிட்டார்கள். மாட்டியவன் முத்துராஜ். பதினாறு வயது. யாராவது வந்தால் விசில் அடிக்க அவனை நிறுத்தியிருக்கிறார்கள். (விசில் அடிக்கவும் அவனுக்கு வராது என்பது பிறகு தெரிந்தது.)

அவன் அம்மா சண்முகக்கனி எங்கள் தெரு. புருஷன் இறந்தபிறகு விசைத்தறிக் கூடத்தில் தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைக்கிறவள். பையனைத் திருநெல்வேலியில் சிறுவர் இல்லத்தில் வைத்திருந்தார்கள். அவள் கூட வரச் சொல்லி அழுததால் நானும் சிறுவர் வழக்குகளை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போனேன். வழக்கு நடக்கட்டும் என்று பையனை ஜாமீனில் வெளியே விட்டார்கள். ஆனால் வந்தவன் பழைய முத்துராஜ் இல்லை. தட்டில் சோறு வைத்தால், சாப்பிடலாமா என்று அம்மா முகத்தைப் பார்த்தபிறகே கை வைத்தான். சாயங்காலம் கிரவுண்டில் வாலிபால் ஆடும்போது மட்டும் கொஞ்சம் சத்தம் கேட்கும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஜெனிபர் என்கிற பெண் அவனைப் பார்க்க வந்துபோவாள். சின்ன வயசு, பெரிய பை. ஒருநாள் என் கடையில் உட்கார்ந்து விளக்கினாள். பையன்கள் சாயங்காலம் போய் உட்கார ஊரில் ஓர் இடம் வேண்டும். சமுதாயக் கூடம் சும்மாதான் கிடக்கிறது. அதைத் திறந்து கேரம் போர்டு போட்டு, கிரவுண்டில் வலை கட்டி, பாடம் சொல்லித்தர உள்ளூரில் படித்த ஒருவருக்குச் சம்பளம் மாதிரி ஏதோ கொடுக்கலாம். பஞ்சாயத்து பொது நிதியிலிருந்து ஒரு சின்னத் தொகை ஒதுக்கித் தீர்மானம் போட்டால், மீதிக்கு அவள் மாவட்டத்தில் எழுதுவாள். ஊரே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறது என்று குழுமத்துக்கு ரிப்போர்ட்டும் கொடுக்கலாம்.

என்னிடம் விடு என்றேன். சண்முகக்கனியிடமும் போய், கிராம சபைக்கு வந்து முன்வரிசையில் உட்கார், உன் கண் முன்னால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெனிபருக்கு என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "மேடம், கொஞ்ச நேரம் பேசுனாப் போதும். ஹாலு, கிரவுண்டு, வாத்தியாரு. இத மட்டும் சொல்லுங்க. பையனப் பத்தி வேண்டாம்."

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். யார் கேட்டார்கள்? பந்தலுக்குக் கீழே ஒரு பக்கம் நூறு நாள் வேலைச் சம்பளம் ஏன் வரவில்லை என்கிற பேச்சு, இன்னொரு பக்கம் குடிதண்ணீர்ப் பேச்சு. என் எதிரிலேயே ஒருவர் டீ கிளாஸைக் கவிழ்த்து எறும்பைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கவனிக்க வைக்கிறேன் பார் என்று ஒரு வரி போட்டேன்: இன்று வயரை அறுக்கிற கை, நாளைக்கு நம் கழுத்துத் தாலியை அறுக்காதா?

பந்தல் அப்படியே அடங்கியது.

நான் பேசும்போது இதற்கு முன் யாரும் வாயை மூடியதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட. அந்த அமைதி எனக்குச் சாராயம் மாதிரி ஏறிவிட்டது. கஞ்சா என்றேன். கத்தி என்றேன். (கத்தி என்று நான் கண்டது எங்கள் வீட்டு அரிவாள்மணை ஒன்றுதான்.) வெளியூரில் எங்கோ நடந்ததை எல்லாம் பக்கத்துத் தெருவுக்குக் கூட்டி வந்தேன். நம்மிடையேதான் இருக்கிறார்கள், நம்மோடுதான் நடமாடுகிறார்கள் என்று விரலை நீட்டினேன். பெயர் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. மொத்தப் பந்தலும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. சண்முகக்கனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேசினேன்.

இதற்குப் பஞ்சாயத்து ஏதாவது செய்ய வேண்டுமா இல்லையா என்று முடித்தேன். செய்யணும் என்று ஊரே சொன்னது. கைதட்டல் வேறு.

தலைவர் அண்ணாச்சி செங்கல் சூளை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். கலங்கிப் போய் எழுந்தார். "மெம்பரம்மா சொல்லுதது நூத்துக்கு நூறு வாஸ்தவம். நாம ரொம்ப அசால்ட்டா இருந்துட்டோம்" என்றார். கிரவுண்டையும் கூடத்தையும் சேர்த்து ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு சுவர், ஈட்டி வைத்த இரும்புக் கேட், கம்பத்தில் கேமரா, சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. ஜெனிபர் கேட்ட தொகையோடு சேர்த்துப் பொது நிதி மொத்தமும் அதற்கு. மெம்பரம்மா முன்மொழிந்ததாக எழுதச் சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். கேரம் போர்டு அடுத்த தீர்மானத்தில் வரும் என்று நினைத்தேன். அடுத்தது தண்ணீர்த் தொட்டி.

கூட்டம் கலையும்போது ஜெனிபர் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். சண்முகக்கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எக்கா, அவன் எந்தாலிய அறுக்க மாட்டான்க்கா. அது முன்னாடியே போயிட்டு" என்றாள்.

அந்தச் சுவர் வேகமாக எழும்பியது. எங்கள் பஞ்சாயத்தில் சொன்ன நாளுக்கு முன்னால் முடிந்த ஒரே வேலை அதுதான். கேட்டுக்குப் பக்கத்தில் கல்வெட்டு. மேலே தலைவர் பெயர், கீழே முன்மொழிந்தவர் என்று என் பெயர். என் வீட்டுக்காரர் ஆட்டோவை நிறுத்தி, இறங்கி, நிதானமாக வாசித்தார். "ஏட்டி, என் இனிஷியலையும் சேத்துல்லா ஜெயில்ல போட்டுட்ட" என்றார். பையன்கள் ரோட்டுப் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். அங்கேயும் போலீஸ் பைக் வந்து விரட்டியது. கொஞ்சம் பெரிய பயல்கள் ஒயின்ஷாப் பின்பக்கம் போகப் பழகினார்கள். முத்துராஜ் தறிக்கூடத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, நேரே வீடு, நேரே வேலை என்று இருந்தான்.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன்.

என் வெள்ளாடு ஒன்று, சினை ஆடு, கிரவுண்டுக்குள் மேயப் போனது, ஆறு மணிக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டது. சாவி தண்ணீர் திறந்துவிடுகிற ஆபரேட்டரிடம். போன் போட்டேன். சங்கரன்கோவிலில் சினிமாவில் இருப்பதாகவும், இப்போதுதான் இடைவேளை விட்டிருப்பதாகவும் சொன்னான். உள்ளே ஆடு கத்துகிறது. நாய்கள் வேறு அந்தப் பக்கம் சுற்றும். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டில் ஏறினேன்.

ஏறியதெல்லாம் ஏறிவிட்டேன். ஒரு காலை அந்தப் பக்கம் போடும்போது ஈட்டி முனை சேலையில் ஏறியது. உள்ளேயும் போக முடியவில்லை, வெளியேயும் வர முடியவில்லை. என் பெயர் எழுதிய கல்வெட்டு என் கால் மாட்டில். வேலை முடிந்து வந்த முத்துராஜும் இன்னொரு பயலும் நின்று பார்த்தார்கள்.

"அத்தே, அங்கன என்ன செய்யிதீய?"

சும்மா காற்று வாங்குகிறேன் என்றா சொல்ல முடியும்? அவன் ஏறி, சேலை கிழியாமல் பைய எடுத்துவிட்டு, என்னை இறக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்கு. இன்னொரு பயல் என்னைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிப் போனான். முத்துராஜ் திரும்பவும் கேட்டில் ஏறி உள்ளே குதித்து, ஆட்டைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்து, என் வீட்டு முளையில் கட்டிவிட்டுப் போனான். நான் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டேன்.

கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ அதில் கடைசித் துண்டை மட்டும் வெட்டி ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். பூட்டிய கேட், அதைத் தாண்டி வருகிற முத்துராஜ், தோளில் ஆடு. வயர்க்காரன் ஆட்டுக்கும் வந்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. யார் ஆடு என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் நான் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து போனை எடுத்துப் பார்ப்பதற்குள், தறிக்கூடத்தில் வைத்தே போலீஸார் அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள். பழைய வழக்கு இருக்கிறதே, அதனால் அன்றைக்கே திருநெல்வேலிக்கு.

அவனைக் காப்பாற்ற ஒரே வழி முழுப் படத்தையும் காட்டுவது. பஞ்சாயத்து ஆபீஸில் கெஞ்சி அதை போனில் ஏற்றிக்கொண்டு, சண்முகக்கனியோடு பஸ் ஏறினேன். குழுமத்தில் மாஜிஸ்திரேட் ஒரு பெண். மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நான் முந்தானையைச் செருகுவதிலிருந்து தொங்குவது வரை எல்லாம் ஓடியது.

"இதுல தொங்குறது யாரு?"

"நான்தாம்மா."

"இந்தக் கல்வெட்டுல முன்மொழிந்தவர்னு ஒரு பேரு தெரியுதே?"

"அதுவும் நான்தாம்மா."

அங்கே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கூட வந்த போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்காதவர்கள் இரண்டே பேர், சண்முகக்கனியும் மகனும். மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கு இவ்வளவு பெரிய கேட் எதற்கு என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முத்துராஜ் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், தட்டின் முன்னால் அம்மா முகத்தைப் பார்ப்பானே, அதே மாதிரி.

அன்றைக்கே விட்டுவிட்டார்கள். ஆனால் தறிக்கூட முதலாளி, தொழில் நடக்கிற இடத்துக்குப் போலீஸ் வரக்கூடாது என்று சொல்லி வேலைக்குச் சேர்க்கவில்லை. ஊரில் ஆட்டைப் பற்றிய உண்மை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, சிரித்தார்கள். ஆனாலும் அவன் நடந்து போனால் வீட்டு வாசலில் கிடந்த செருப்பை உள்ளே எடுத்து வைத்தார்கள். வழக்கு முடிந்ததும் சண்முகக்கனி சொந்தக்காரன் ஒருவனைப் பிடித்து அவனைத் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிட்டாள். நான் அதற்குப் பிறகு இரண்டு கிராம சபையில் மன்றாடிப் பார்த்தேன். நிதியெல்லாம் சுவரில் போய்விட்டது, அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார் அண்ணாச்சி. கேமரா ஒரு மழையில் போய்விட்டது. பூட்டு மட்டும் நன்றாக இருக்கிறது.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு வழக்கம். கடன் கேட்க, காலேஜில் ஃபீஸ் குறைக்கக் கேட்க, எதற்குப் போனாலும், "அம்மாவப் பேசச் சொல்லாதீங்க, இருக்கதும் போயிரும்" என்பாள் என் மகள் செல்வி. போன மாதம் அவள் நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடமும், நகைப் பேச்சு ஆரம்பிக்கிற நேரம் பார்த்து, என் வீட்டுக்காரர் அதையே சொல்லிவிட்டு முழுக்கதையையும் எடுத்துவிட்டார். நான் தொங்கிய விதத்தை எழுந்து நின்று நடித்தும் காட்டினார். மாப்பிள்ளையின் சித்தப்பா கண்ணில் நீர் வர வர சிரித்தார். நானும் சிரித்தேன். பந்திக்கு இலை துடைத்துக்கொண்டிருந்த சண்முகக்கனியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தபிறகு அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தச் சித்தப்பாவிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குத் திருப்பூருன்னு சொன்னாங்களே. எம் மவனும் அங்கனதான் இருக்கான். பாத்தீங்கன்னா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.