மருதாணி வைத்த கையில் ஆக்சிஜன்

எனக்கு அன்று மூச்சு முட்டவேயில்லை என்பதை இப்போது ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் தெருவுக்கே தெரியும்.

கொரோனா இரண்டாம் அலை. அடுப்பில் பால் தீய்ந்தபோது பக்கத்திலேயே நின்றும் எனக்கு வாசம் தெரியவில்லை. மாலையில் காய்ச்சல். பரிசோதனையில் வீட்டிலேயே எனக்கு மட்டும் பாசிட்டிவ். (வேறெந்தத் தேர்விலும் நான் இப்படித் தனித்து நின்றதில்லை.) தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் எங்கள் வீடு. மாடியறையில் நான், கீழே கணவர், நான் அத்தை என்று கூப்பிடும் மாமியார், இரண்டு வயது மகள்.

ஜன்னலைத் திறந்தால் தூரத்து மலையில் அருவி வெள்ளைக் கோடாகத் தெரியும். குளிக்கத் தடை என்பதால் யாருமில்லாமல் அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கணவர் சாப்பாட்டைப் படியில் வைத்துக் கைதட்டுவார். நான் கதவைத் திறக்கும்போது தட்டு மட்டும் இருக்கும். மகள் முதல் இரண்டு நாள் படியடியில் நின்று அழுதாள். மூன்றாம் நாள் அழவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

மாத்திரை, கபசுரக் குடிநீர், குப்புறப் படுப்பது எல்லாம் நேரப்படி செய்தேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் தொண்ணூற்று நான்குக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை பார்க்க வேண்டியதை நாற்பது முறை பார்த்தேன். (அந்த அறையில் எனக்குப் பதில் சொல்வது அது ஒன்றுதான்.)

ஆறாம் நாள் கஞ்சியோடு ஒரு உருண்டை அரைத்த மருதாணி வந்தது.

"சூட்டத் தணிக்கும்லா. பத்து விரலுக்கும் தொப்பி போட்டுக்கோ" என்று கீழிருந்து அத்தையின் குரல்.

எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் அத்தை சொல்லைத் தட்டுவேனா? வைத்தேன். நிறம் போதாதோ என்று சந்தேகம் வந்து, மிச்சத்தையும் அப்பினேன்.

மறுநாள் காலையில் கழுவிவிட்டு ஆக்சிமீட்டரை மாட்டினால் எண்பத்தாறு. அடுத்த விரலில் எண்பத்தைந்து. தினமும் போனில் விசாரிக்கும் நர்ஸ் அக்காவை அழைத்தேன்.

"மூச்சு முட்டுதா?"

"தெரியலக்கா. முட்டுத மாதிரியும் இருக்கு, முட்டாத மாதிரியும் இருக்கு. முட்டாமலே ஆக்சிஜன் குறையுமாம், நெட்ல போட்டிருக்கு. எனக்கு அதுதான் போல. பிள்ளைக்கு இன்னும் பால்பல்லே முழுசா வரலக்கா..."

"அஞ்சு நிமிசமா மூச்சு விடாம நீதான் பேசுதே. சரி, எண்பத்தாறுன்னா சும்மா விட முடியாது. வண்டியோட வாரேன்."

வண்டி வருவதற்குள் கணவருக்கு நான்கு பக்கம் எழுதி, படமெடுத்துப் போனில் அனுப்பினேன். மகள் எந்தக் கிண்ணத்தில் சாப்பிடுவாள், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவாள் என்பதெல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி: 'மறுமணம் செய்தால், வலிக்காமல் சிக்கெடுத்துத் தலைவாரத் தெரிந்த பெண்ணாகப் பாருங்கள்.'

பையோடு இறங்கினேன். தெருவில் எல்லா ஜன்னலிலும் தலைகள். பத்தடி தள்ளிக் கணவர், இடுப்பில் மகள். ஏழு நாளுக்குப் பிறகு பார்க்கிறேன். இரட்டை முகக்கவசத்தில் இருந்த என்னைப் பார்த்து அவள் அப்பாவின் தோளில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கவச உடையில் வந்த நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, இது என்னது?"

"மருதாணிக்கா."

"பத்துலயுமா?"

"அத்தை சொன்னாங்க."

"இப்படிக் கருக்க வச்சா மிசினு எப்படிச் சரியாக் காட்டும்? வெளிச்சம் உள்ள போவணும்லா. கால நீட்டு."

வண்டிப் படியில் உட்கார்ந்து, தெரு முழுக்கப் பார்க்க, கால் விரலை நீட்டினேன். தொண்ணூற்றெட்டு. வண்டி என்னை ஏற்றாமலே திரும்பியது.

வாசலில் நின்ற அத்தைக்கு வருத்தம் துளியும் இல்லை. "நம்ம வீட்டு மரம் அப்படிப் பிடிக்கும்லா" என்றார் பெருமையாக.

நான் பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போனேன். இன்னும் ஒரு வாரம் பாக்கி. கதவைச் சாத்தும்போது கீழிருந்து, "அம்மா காலு" என்று மகள் சிரிப்பது கேட்டது. சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அந்தக் கடிதத்தைக் கணவர் இன்னும் அழிக்கவில்லை. நான் மகளுக்குத் தலைவாரும்போது அவள் கத்தினால், "இவளுக்கே சிக்கெடுக்கத் தெரியல, இவ எனக்குப் பொண்ணு பாக்கா" என்பார். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். நான் கொஞ்சம் சோர்ந்து படுத்தால் போதும், கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து வந்து என் கால் கட்டைவிரலில் மாட்டுவாள். உற்றுப் பார்த்து, "தொண்ணூத்தெட்டு. எந்திரிம்மா" என்பாள். கிளிப் நன்றாகவே வலிக்கும். கழற்றச் சொன்னதில்லை.