ஷெட்டிலிருந்து காரை எடுக்கும்படி ஷ்யாம்சுந்தருக்கு எழுதியது

சிட்லபாக்கம்
மே 9

சிரஞ்சீவி ஷ்யாம்சுந்தருக்கு உன் அத்திம்பேர் பத்ரிநாராயணன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு உன் கார் க்ஷேமம். அது க்ஷேமமாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கு வேறு யாரும் க்ஷேமமாக இல்லை. உன் க்ஷேமத்துக்குப் பதில் போடவும் என்று அடுத்தபடி எழுதுவது வழக்கம். நீ பதில் போடுகிறவன் இல்லை என்பதால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் காகிதக் கடிதம் என்று நீ கேட்கலாம். கடந்த ஏழு மாதத்தில் உனக்கு வாட்ஸ்அப்பில் பதினாறு செய்தி அனுப்பியிருக்கிறேன். பதினாறுக்கும் நீ கட்டைவிரலைக் காட்டினாய். "காரை எப்போது எடுக்கப் போகிறாய்?" என்ற கேள்விக்குக் கட்டைவிரல் எப்படிப் பதிலாகும் என்று கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடிதத்தின் மேல் கட்டைவிரலை வைத்தால் அது கைநாட்டு. அதற்காவது ஒரு சட்ட மதிப்பு உண்டு.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு மறக்காது. இருபத்தேழு வருஷம் பாடம் நடத்திய பொறியியல் கல்லூரி, கணிதத் துறையை வேறொரு துறையோடு சேர்த்துவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பியது. அழவில்லை. வீட்டு முன்னாலிருக்கும் ஷெட்டில் எட்டடிக்கு நாலடி கரும்பலகை அடித்தேன், இருபத்து நாலு பேர் உட்காரப் பெஞ்சு வாங்கிப் போட்டேன், பிளஸ் டூ கணக்கு டியூஷன் என்று போர்டு எழுதக் கொடுத்தேன். போர்டில் பெயிண்ட் காயவில்லை, ஒரு லாரியின் முதுகில் உன் கார் வந்து இறங்கியது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, முழங்கால் உயரமுள்ள, பால் வெள்ளை ஜெர்மன் கார். "ஆறே மாசம் அத்திம்பேர். டொராண்டோ போயிட்டு செட்டில் ஆனதும் எடுத்துக்கறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அக்கா ஸ்ரீவித்யா, "பாவம், கொழந்தை ஆசைப்பட்டு வாங்கியிருக்கான்னா, ஒரு ஓரமா நின்னுட்டுப் போறது" என்றாள். குழந்தைக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அந்தக் கார் ஓரமாக நிற்கிற ஜாதியா? நட்ட நடுவில் நிற்கிறது. கரும்பலகைக்கும் அதற்கும் நடுவே ஒரு பல்லி நடமாடலாம், வாத்தியார் நடமாட முடியாது. பெஞ்சுகள் மொட்டை மாடியில் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கின்றன. இருபது மாதம் ஆகிறது. இரண்டு கல்வியாண்டு போயே போச்சு. என் ஆராய்ச்சி இடவியலில், அதாவது டோபாலஜியில். இன்றைக்கு என் வீட்டில் எனக்கு நிற்க இடமில்லை.

காரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு ஒரு வைத்தியரையும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனாயே, அதைச் சொல். திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் ஜெரோம், மாதம் இரண்டு முறை வருகிறார். தங்கமான மனிதர், காருக்கு. என்னிடம் "பி.பி. எப்படிக் கீது?" என்று ஒரு நாள் கேட்டதில்லை. முதல் நாளே ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், இது சாதா வண்டி மாதிரி சும்மா நிக்காது. இத்த தூங்க வெக்கணும்" என்றார். தூங்க வைப்பதற்கு என்னென்ன தேவைப்பட்டது தெரியுமா? சக்கரத்துக்கு அடியில் நாலு மெத்தை. மேலே மூச்சு விடுகிற துணியில் ஒரு போர்வை. ஷெட்டுக்கு ஷட்டர். பேட்டரிக்கு எப்போதும் சொருகியே இருக்க வேண்டிய ஒரு சார்ஜர். அந்த ஒரே பிளக்கில்தான் உன் அக்கா கிரைண்டர் போடுவாள், இப்போது இட்லி மாவு கடையில் வாங்குகிறோம். அப்புறம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின். சித்திரை மாதம் மத்தியானம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு நாங்கள் விசிறிக்கொண்டிருக்கிறோம், கரண்ட் போனால் இன்வர்ட்டர் எங்கள் ஃபேனை நிறுத்திவிட்டு அதற்குப் போகிறது. இந்த வீட்டில் வியர்க்காத ஒரே ஜீவன் உன் கார்தான். மெஷின் தினமும் அரை வாளி தண்ணீர் உறிஞ்சுகிறது. அதைக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்று நினைக்கிறாய்? முனைவர் பட்டம் வாங்கியவர்தான்.

போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை விஷயம் உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். வீட்டிலிருக்கும் வண்டிக்குப் பொட்டு வைக்காமல் விடுவதா என்று உன் அக்கா போர்வையை விலக்கி, பானெட்டில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை இழுத்து, நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம் வைத்தாள். அதோடு விட்டாளா? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டுமாம். மெத்தையிலிருந்து சக்கரம் ஒரு அங்குலம் நகரக்கூடாது என்பது ஜெரோமின் உத்தரவு. பழம் நசுங்காவிட்டால் திருஷ்டி போகாது என்பது உன் அக்காவின் உத்தரவு. கடைசியில் நாலு பழத்தையும் சக்கரத்துக்கு முன்னால் வைத்து நானே குதிகாலால் மிதித்தேன். காருக்கு வந்த திருஷ்டி யாருக்கு வந்திருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். மறுநாள் ஜெரோம் வந்து போர்வையைத் தூக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா சார் பண்ணிக்கீறீங்க? பெயிண்ட்டக் காப்பாத்த மேல ஒட்டிக்கிற ஃபிலிம் இன்னா ஐட்டம்னு தெரியுமா? பேஜார் பண்ணிட்டீங்களே சார்."

"பூஜை ஜெரோம்."

"பூஜை கரெக்ட்டு சார். ஈரத்தோட வச்சிக்கீறீங்க, உள்ள எறங்கிக்கிச்சு. இனிமே இது போவாது."

போகவில்லை. பானெட் நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு வட்டம் நிரந்தரமாக நிற்கிறது. சுமங்கலி மாதிரி இருக்கிறது உன் கார்.

போன டிசம்பர் மழையில் ஏரித் தண்ணீர் தெருவுக்கு வந்தபோது ஜெரோம் ஃபோன் செய்தார். "சார், தண்ணி எவ்ளோ கீது?" என்றார். ஒரு மனிதன் விசாரிக்கிறானே என்று நெகிழ்ந்து, "முழங்கால் வரைக்கும் வந்துடுத்து ஜெரோம், நாங்க மாடிக்குப் போயிட்டோம்" என்றேன். "உங்க முழங்கால் வுடுங்க சார், வண்டிக்கு எவ்ளோ கீது?" என்றார். ஒரு மணி நேரத்தில் டிராக்டரில் நாலு பேரோடும் இரும்பு ஸ்டாண்டுகளோடும் வந்து இறங்கி, உன் காரை மூன்றடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனார். தெருவில் நின்ற என்னுடைய பதினோரு வருஷக் காரின் சீட்டு வரை தண்ணீர். டிராக்டரிலிருந்து ஒருத்தர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நீ வீடியோவில் வந்தாய். "எல்லாரும் சேஃபா அத்திம்பேர்?" என்று கேட்டாய். சேஃப் என்றேன். "கேமராவைக் கொஞ்சம் கீழ திருப்புங்கோ" என்றாய். திருப்பினேன். பார்த்துவிட்டு, "தேங்க் காட்" என்றாய். நான் அதை மறக்க மாட்டேன், ஷ்யாம்.

அப்புறம் அந்தச் சத்தம். ஓடாமல் நிற்கப்போகிற காருக்கு, ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம் சைலன்சரை மாற்றிவிட்டுப் போனாயே, அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சைலன்சர் என்ற பெயருக்கே விரோதமான ஒரு சாமானை லட்சக்கணக்கில் கொடுத்து ஒருவன் மாட்டுவானா? மாதம் ஒருமுறை ஜெரோம் ஸ்டார்ட் செய்யும்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் டம்ளர் நடுங்குகிறது. பக்கத்து வீட்டு வேதசிரோமணி, இன்சூரன்சில் இருந்து ரிட்டயர் ஆனவர், காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டி, "பத்ரி சார், என்ன வளக்கறீங்க உள்ள? புலியா? சொல்லிட்டீங்கன்னா நான் கதவைத் தாழ் போட்டுக்குவேன்" என்கிறார். என் கார் இல்லை, மச்சினன் கார் என்று அவருக்கு இருபது தடவை சொல்லிவிட்டேன். "மச்சினனும் கூண்டுக்குள்ளதான் இருக்காரா?" என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததோடு எனக்குப் போதும் என்றாகிவிட்டது. ஒரே இடத்தில் நின்று டயர் ஒரு பக்கம் தட்டையாகிறது, வெளியில் எடுத்து நாலு சுற்று உருட்ட வேண்டும் என்றார் ஜெரோம். வாசல் படிக்கட்டில் கார் வயிறு இடிக்கும் என்று பலகை போட்டு, அவர் முன்னால் நின்று கையைக் காட்டக் காட்ட, நான் உள்ளே உட்கார்ந்து எடுக்க வேண்டியதாயிற்று. உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன், படுத்தேன். தெருவுக்கு வருவதற்கு முக்கால் மணி நேரம். காரிலிருந்து இறங்குவதற்கு முதலில் கை, பிறகு முழங்கால், பிறகு மீதி. அப்படி நாலு காலில் நான் நடுத்தெருவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அடுத்த தெரு ஜெயப்ரியா மேடம் காய் வாங்கிக்கொண்டு வந்தார். பாங்கில் வேலை. பையன் பரணி பிளஸ் டூ போகிறான். இவரிடம் இரண்டு வருஷம் முன்னாலேயே டியூஷன் பற்றிச் சொல்லியிருந்தேன், "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் பெரிய கோச்சிங் சென்டர் பேரைச் சொன்னவர். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்திக் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சார், நீங்களா எடுத்தீங்க?"

"ஆமாம்மா, இப்பதான் எடுத்தேன். எடுக்கறதுக்குள்ள பிராணன் போயிடுத்து."

"கஷ்டமாத்தான் சார் இருக்கும். யாராவது ஹெல்ப் பண்ணாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. தனியாத்தான் எடுத்தேன்."

ஜெரோம் கையைக் காட்டியதை உதவிக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. மேடம் காரை ஒரு முறை சுற்றி வந்தார். பானெட்டைப் பார்த்து நின்றார். பிறகு டியூஷன் என்று ஏதோ கேட்டார், இன்ஜின் சத்தத்தில் "டியூஷன்", "எடுத்தீங்களா" என்ற இரண்டு வார்த்தைதான் என் காதில் விழுந்தது.

"டியூஷனாலதாம்மா எடுத்தேன். இல்லேன்னா எனக்கு எதுக்கு இது?" என்றேன்.

ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பார், ஒரு அந்நியப் பெண்மணிக்கு என் கஷ்டம் இரண்டு நிமிஷத்தில் புரிகிறது. உனக்கு இருபது மாதமாகப் புரியவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். ஜூன் முதல் தேதி நான் வகுப்பு ஆரம்பிக்க வேண்டும். இந்த வருஷமும் ஆரம்பிக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை. எனக்கு வயது ஐம்பத்தைந்து ஆகிறது, கணக்கு வாத்தியார் என்று ஒருவன் இந்தத் தெருவில் இருந்தான் என்பதே மறந்துபோய்விடும். மே 31-க்குள் கார் ஷெட்டை விட்டுப் போக வேண்டும். ஈ.சி.ஆர். பக்கம் வாங்க ஆள் இருப்பதாக ஜெரோம் சொல்கிறார், விற்றுவிடு. அல்லது லாரியை அனுப்பு. இரண்டும் இல்லையென்றால் பலகையைப் போட்டு நானே தெருவில் தள்ளிவிட்டு, சாவியை வேதசிரோமணியிடம் கொடுத்துவிடுவேன். உன் அக்கா அழுவாள். அழட்டும்.

உனக்கும் உன் ஆத்துக்காரிக்கும் தீர்க்காயுசும், குளிர் தாங்கும் சரீரமும், பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்லும் புத்தியும் பகவான் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
பத்ரிநாராயணன்

பி.கு. மே 15. மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, தாம்பரம் தபாலாபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் ஜெயப்ரியா மேடம் நின்றார். கூடவே பதினோரு பெற்றோர். இந்த ஆறு நாளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். டியூஷன் எடுத்தே இப்படி ஒரு வண்டி எடுத்த வாத்தியார், ஒருத்தர் உதவியும் இல்லாமல் எடுத்தவர், கஷ்டப்பட்டதை மறைக்காமல் சொன்னவர் என்று ஏதோ பெற்றோர் குரூப்பில் போட்டிருக்கிறாராம். நான் பொய் சொல்லவில்லை, ஷ்யாம். எடுத்தேன் என்றேன். எடுத்தேன்தானே? முதலில் அவருக்கும் சந்தேகம் இருந்ததாம், இரவல் வண்டியோ என்று. குங்குமத்தைப் பார்த்ததும் தீர்ந்துவிட்டதாம். இரவல் வண்டிக்கு யார் பொட்டு வைப்பார்கள் என்கிறார். வேதசிரோமணிகூட, "மச்சினன் கார்னு எவ்வளவு தன்னடக்கமா சொன்னாரு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபத்தேழு வருஷம் வகையீடும் தொகையீடும் நடத்திய என்னை நம்பாத ஊர், நின்ற இடத்தை விட்டு நகராத ஒரு காரை நம்புகிறது. நம்பிவிட்டுப் போகட்டும்.

எனவே காரை எடுக்க வேண்டாம். விற்கவும் வேண்டாம். வகுப்பு மொட்டை மாடியில், பெஞ்செல்லாம் அங்கேதானே இருக்கிறது. தார்ப்பாய்க்குப் பதிலாக ஜெரோம் தகரக் கூரை போடுகிறார். மாலை ஐந்திலிருந்து எட்டு வரை ஷட்டரைத் திறந்து போர்வையை விலக்கி வைக்கலாமா என்று கேட்டேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் சரி என்கிறார். சொல்லிவிடு. கட்டைவிரல் போதும். மேலே எழுதியதைக் கிழித்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை, ஆகையால் படித்து வருத்தப்படவும்.

டிசம்பரில் ஊருக்கு வருவதாக உன் அக்கா சொன்னாள். தாராளமாக வா. காரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து எடு. அப்படியும் யாராவது பார்த்து நீ யார் என்று கேட்டால், சார் வீட்டு டிரைவர் என்று சொல்லிவிடு. வெள்ளைச் சட்டை நீ கொண்டுவர வேண்டாம், என்னுடையது இருக்கிறது.