சுவிட்சு பாயின் ஆரன்

குறுக்கே போன நண்டுக்கு இண்டிகேட்டர் போட்டு, அது ஒதுங்கும்வரை காத்திருந்து, பிறகு வண்டியைத் திருப்பிய டிரைவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் சுவிட்சு பாய்.

நம்பாதவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி, நடுவில் மணல் திட்டு. அதன் மேல் எங்கள் குப்பம். எழுபதுகளில் அங்கே ரோடு கிடையாது. சைக்கிள்கூட ஆள் தோளில் ஏறித்தான் வரும். லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுத்துறைக்கு நாலு மைல் மணலில் நடக்க வேண்டும். அங்கே படகேறி ஏரியைத் தாண்டினால் பழவேற்காடு டவுன், அங்கிருந்து பஸ் பிடித்தால் பொன்னேரி.

இறால் வாங்கும் கம்பெனி ஒன்று, பட்டாளத்தில் வேண்டாமென்று கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் ஏற்றி, எங்கள் பக்கம் கொண்டுவந்தார்கள். ஏரி நடுவில் படகு ஆடிக்கொண்டிருக்க, டிரைவர் சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து வலதுபக்க இண்டிகேட்டரை மினுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார் பாய். கம்பெனியில் இறால் எடை போடும் குமாஸ்தாவாக இருந்த நான், எதற்கு இந்த விளக்கு என்று கேட்டேன்.

"துறை வலது பக்கந்தான நைனா கீது?" என்றார்.

திட்டு முழுவதற்கும் அது ஒன்றுதான் வண்டி. எதிரே வர இன்னொன்று கிடையாது. ஆனாலும் பாய் இடதுக்கு இடது விளக்கு, வலதுக்கு வலது விளக்கு என்று ஒருநாளும் தவறியதில்லை. ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரியும். நம்பர் பலகைக்குத் தனி விளக்கு. அதைப் படிக்க நாலு மைலுக்கு ஒரு போலீஸ்காரர் கிடையாது.

சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. பழவேற்காட்டில் அவர் வீட்டார் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். எங்களுக்கு சுவிட்சு பாய்தான். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பலகையை அடித்து, வீட்டுச் சுவரில் இருக்குமே கறுப்புக் குமிழ் சுவிட்சு, அதில் பதினேழை வரிசையாகப் பொருத்தியிருந்தார். ஒன்று டிரான்சிஸ்டருக்கு. ஒன்று சிகரெட் பற்றவைக்கும் கம்பிக்கு. பாய் பீடிகூடத் தொடமாட்டார். பிறகு எதற்கு என்றால், "இருக்கட்டுமே. ஒருத்தருக்கு வேணும்னா அப்ப எங்க போய்த் தேடுறது?" என்பார். இதைத் தவிர அவரிடம் வேறு தத்துவம் எதுவும் நான் கேட்டதில்லை.

மெட்ராஸிலிருந்து வரும் மேனேஜருக்கு வியர்க்கிறது என்று ஒரு குட்டி ஃபேன் மாட்டினார். வண்டி கிளம்பியதும் ஃபேனைப் போட்டார். வண்டிக்குள் கிடந்த மணல் முழுவதும் எழும்பி, எண்ணெய் தடவிய மேனேஜர் தலையில் பதிந்தது. "நிறுத்துய்யா!" என்று அவர் அலற, பாய் ஒரு சுவிட்சைத் தட்டினார். வைப்பர் ஓடியது. இன்னொன்றைத் தட்டினார். டிரான்சிஸ்டரில் நாதஸ்வரம் வந்தது. ஃபேன் மட்டும் நிற்கவில்லை. துறையில் இறங்கிய மேனேஜரைப் பார்த்து, மாவில் புரட்டி எடுத்த வஞ்சிரம் என்று நினைத்துக்கொண்டேன். வேலை போய்விடும் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் உப்புக்காற்று. எங்கள் ஊரில் செம்புக் கம்பி ஒரு மாதத்தில் பச்சையாகிவிடும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் படகேறும் முன்னால் பாய் ஒவ்வொரு இணைப்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாசலின் தடவி, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றிவைப்பார். பலகைக்குக் கீழே ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அலைச்சாரல் முன்பக்கம்தான் அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றி, பின்னால் ஆள் படுக்கும் பெஞ்சுக்கு அடியில் மரப்பெட்டி செய்து வைத்திருந்தார்.

"இந்தக் கொத்துல எந்த ஒயரு எங்க போவுதுனு உனக்கே தெரியாது பாயி" என்று சீண்டுவார் என் மச்சான் ஏழுமலை. அக்கா புருஷன். கட்டுமரத்துக்காரர். பாய்க்கு உயிர்ச் சிநேகிதர்.

ஆள் படுக்கும் பெஞ்சு என்றேன். இறால் வண்டிக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். குப்பத்தில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் துறைவரை கொண்டுபோக வேறு நாதியில்லை. கம்பெனியைக் கேட்காமலே பாய் பெஞ்சு போட்டார், மெத்தை போட்டார், படுத்திருப்பவர் கைக்கு எட்டுகிறபடி ஒரு பெல் வைத்தார். ஒரு தடவை அடித்தால் மெதுவாகப் போக வேண்டும். இரண்டு தடவை அடித்தால் நிறுத்த வேண்டும்.

ஒருநாள் பிரசவ வலியில் ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார். கூட இருந்த தாய் பெல்லை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். பாய் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, மெதுவா போவணுமா, நிறுத்தணுமா?"

"அட பாவி மனுசா, வேகமா போய்யா!"

வேகமாகப் போவதற்கு பெல் இல்லை. மறுநாளே அதற்கு மூன்று தடவை என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஆனால் அந்தப் பெண்ணுக்கு மறுநாள் இல்லை. குழந்தை பிழைத்தது, அவள் பிழைக்கவில்லை.

துறையில் கேட்ட சேதியோடு திரும்பிய பாயைப் புருஷன்காரன் மணலில் ஓடிவந்து பிடித்துக்கொண்டான். "இன்னா பாய் ஆச்சு?" பாய் அவன் முகத்தைப் பார்த்தார். "ஆம்பளப் புள்ள" என்றார். அதற்குமேல் வாய் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவன் மகன் பிறந்த சந்தோஷத்தில் வீடு வீடாகச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தான். பாதித் தெரு முடிந்திருந்தபோது அடுத்த படகில் வந்த உறவுக்காரி உண்மையைச் சொன்னாள். அவன் கையில் மீதிச் சர்க்கரை இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஆரன். பாய்க்குக் கெட்ட சேதி சொல்லும் வாய் இல்லை. அதற்கும் ஒரு சுவிட்சு இருந்தால் தேவலை என்று நினைத்துவிட்டார். லாரிக்கு மாட்டுகிற பெரிய ஆரன் ஒன்றைப் பிடித்து வந்து மாட்டினார். சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அடிக்கும்படி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தார். குப்பத்து ஆள் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், பழவேற்காட்டுப் படகில் வரும் சேதியைத் துறையில் கேட்டுக்கொண்டு, திரும்பும்போது குப்பத்துக்குச் சற்று முன்னால் இருக்கும் தாழம்புதர் வளைவில் ஒரு தடவை அடிப்பார். ஆரன் கேட்டால் உயிர் இருக்கிறது. கேட்காவிட்டால் இல்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசி முடிவு செய்யவில்லை, தானாக ஊருக்கே தெரிந்துபோயிற்று. மற்ற நாட்களில் ஆரனைத் தொடவே மாட்டார். நண்டு நடுவில் படுத்துத் தூங்கினாலும் இறங்கிப்போய்த்தான் எழுப்புவார்.

ஐப்பசியில் ஒரு காலை, கரை ஏறும்போது அலை புரட்டிக் கட்டுமரம் மச்சான் நெஞ்சில் ஏறிவிட்டது. பெஞ்சில் படுக்கவைத்தோம். அக்காவுக்கு ஏழு மாதம். படகில் வேண்டாமென்று நிறுத்திவிட்டு நான் போனேன். வழியில் மச்சான் பெல்லை ஒரு தடவை அடித்தார். பாய் வண்டியை ஊர்வதுபோல ஓட்டினார்.

"யோவ் பாயி, பெல்லு மெய்யாலுமே வேலை செய்யுதுய்யா" என்றார் மச்சான். சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். முதல் நாள் வளைவில் ஆரன் கேட்டது. இரண்டாம் நாளும் கேட்டது. அக்கா இரண்டு நாளும் குப்பத்து மணல்மேட்டின் மேல் நின்று அதைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாளாம். மூன்றாம் நாள் காலையில் மச்சான் போய்விட்டார்.

மத்தியானம் மச்சானோடு படகில் துறைக்கு வந்தேன். பாய் பார்த்தார். இரண்டு பேருமாகத் தூக்கிப் பெஞ்சில் வைத்தோம். கை தவறிக்கூடப் பட்டுவிடக் கூடாது என்று ஆரன் பொத்தானின் மேல் தன் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். நாலு மைலிலும் இண்டிகேட்டர் போட மறக்கவில்லை.

தாழம்புதர் வளைவில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. வண்டி அதில் இறங்கியது. தண்ணீர் எழும்பி ஒயர்க் கொத்தில் அடித்தது. ஆரன் அலற ஆரம்பித்தது.

நிற்கவில்லை. பாய் பொத்தானைக் குத்தினார். பதினேழு சுவிட்சையும் தட்டினார். வைப்பர் ஓடியது, ஃபேன் சுற்றியது, நாலு விளக்கும் மினுங்கின. ஒயர்க் கொத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பிய்த்தார். ஃபேன் நின்றது. விளக்கு அணைந்தது. எல்லாம் செத்துப்போய், ஆரன் மட்டும் உயிரோடு கத்திக்கொண்டிருந்தது.

"பேட்டரிய புடுங்கணும்" என்றார் பாய். பேட்டரி பெஞ்சுக்கு அடியில் இருந்தது. பெஞ்சின் மேல் மச்சான் இருந்தார்.

"தூக்கு நைனா."

தூக்கினோம். ஈர மணலில், வண்டிக்குப் பின்னால், என் துண்டை விரித்துப் படுக்கவைத்தோம். பாய் பெஞ்சைப் புரட்டினார். நட்டு உப்பில் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. ஆரன் கத்தியது. நான் நிமிர்ந்து பார்த்தேன். மேட்டில் ஊரே வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை அடித்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். இவ்வளவு நீளமாக அடித்தால் ஆளையே கூட்டிக்கொண்டு வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு, சிரித்தபடி அக்கா ஓடிவந்தாள்.

வண்டி மறைத்ததில் அவளுக்கு மச்சான் தெரியவில்லை. நான்தான் தெரிந்தேன். "எங்கடா அவரு? உள்ள படுத்துனுகீறாரா?" என்று ஆரன் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அப்போது ஆரன் நின்றது.

பாய் ஸ்பேனரும் கையுமாக வண்டியைச் சுற்றி வந்தார். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த முறை ஓடவில்லை.

"தங்கச்சி, ஏழுமலை காலைலயே பூட்டாரும்மா" என்றார். பிறகு, "ஆரன் நான் அடிக்கல. அதுவா அடிச்சிக்கினுச்சு" என்றார்.

அன்று அவர் மேல் மணலை வாரி வீசினார்கள். நான் கை ஓங்கினேன். யாரோ பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மறுநாள் பாய் பலகையோடு பதினேழு சுவிட்சையும் பெயர்த்து எடுத்தார். விளக்கு, பெல், ஃபேன், ஆரன் எல்லாம் ஒரு கோணியில் போய் ஏரிக்குள் விழுந்தன. ஃபேன் எங்கே என்று கேட்ட மேனேஜருக்கு ஏரியைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு குப்பத்து ஆள் யார் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் வண்டியை வளைவிலேயே நிறுத்திவிடுவார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருவார். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அந்த வீட்டு வாசலில் நின்று தன் வாயால் சொல்வார். சுற்றி வளைக்க மாட்டார். "பூட்டாரும்மா. காலைல ஆறு மணிக்கு. தொறைல நான் பாத்தேன்." முதல் அழுகை ஓயும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். குடத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போவார். வாய் வராத மனுஷன் இதை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் போகும்போது தாழம்புதரடியில் வாந்தி எடுப்பார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் வீட்டு வாசலை மட்டும் அவர் மிதிக்கவில்லை. கடலோரமாகச் சுற்றிக்கொண்டு போவார். இப்படி நாலைந்து வருஷம். மச்சான் பார்க்காத மகள் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். ஒருநாள் அக்கா கடற்கரையிலேயே அவரை மறித்துக்கொண்டாள். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னாத்துக்குண்ணா என் வாசல சுத்திக்கினு போற?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்கு ஆரன் கேட்டு ஓடியாந்தேனே, அந்த மேட்டுலேர்ந்து வண்டி வரைக்கும் எம் புருசன் உசுரோட இருந்தாருண்ணா. அந்த மூணு நாள்ல நான் மூச்சு வுட்டதே அப்பத்தான். அந்த ஓட்டத்த நெனச்சிக்கினுதான் இன்னிக்கும் தூங்குறேன். நீ குடுத்ததுதான அது?"

"மெய்யாவாம்மா?" என்றார் பாய்.

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போவுது?"

பாய் அங்கேயே மணலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கருவாட்டைப் புரட்டப் போனாள்.

பாய் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. எனக்கும் வயதாகிவிட்டது. என் சேதியையும் ஒருநாள் யாராவது என் வீட்டில் சொல்லத்தான் வேண்டும். இப்போது போன் இருக்கிறது, சொல்வதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாய் நடந்துவந்து சொன்னால் என் வீட்டார் தாங்கிக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.