பச்சைக்கொடியாரின் பாலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காக யோசித்தேன். இதில் வருகிற அரசியல் பெரியவர் பதவியை விட்டு இறங்கட்டும், பிறகு எழுதுவோம் என்று பொறுத்திருந்தேன். அவர் இறங்கவில்லை, கட்சிதான் மாறினார். இனியும் பொறுத்தால் நான்தான் போய்ச் சேருவேன். அம்மன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கடற்கரை வீதியில் பச்சைக்கொடியாரைப் போல வாகனங்களை மறித்த மனிதர் வேறு எவரும் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் ஏதாவது ஒரு லொறி அடித்திருக்கும்.

எங்கள் களப்பின் மேல் ஒரு பழைய பாலம். ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். இரண்டு பக்கத்தாலும் ஏறி, நடுவில் முட்டுப்பட்டு, "நீ பின்னுக்கு எடு", "நீ எடடா" என்று சண்டை பிடிப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் இவர் இடுப்பில் கட்டிக் கிழிந்த பச்சைச் சாரத்தை ஒரு தடியிலும் சிவப்புத் துவாயை இன்னொரு தடியிலும் கட்டிக்கொண்டு பாலத்தடியில் வந்து நின்றார். நிற்கச் சொன்னவரும் இல்லை, போகச் சொல்லத் துணிந்தவரும் இல்லை.

அவரிடம் ஒரே சட்டம்தான். றிவேர்ஸ் கியர் இல்லாதது முதலில் போகும், உள்ளது நிற்கும். ஆகவே மாட்டுக்கும் சைக்கிளுக்கும் ராச மரியாதை. நெடுங்கேணியிலிருந்து அவரைப் பார்க்க வந்த சொந்தத் தங்கச்சியின் பஸ்ஸையே எருமைகளுக்காக மறித்தார். அவா யன்னலால் தலையை நீட்டி, "அண்ணை, நான்தான் வாறன்!" என்று கத்தினா.

"தெரியுது. எருமைக்குப் பிறகு வா."

இரண்டு பக்கமும் கியர் இருந்தால், எது பழுதாகுமோ அது முதலில் போகும். மீன் லொறியை விட்டுவிட்டு, பிரேதம் வந்த வாகனத்தை மறித்தார். செத்தவரின் மகன் அடிக்க வந்தான். "ஐஸ் கரையுது மோனை. அப்புவுக்கு இனி என்ன அவசரம்?" என்றார் இவர்.

எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. கோயில் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டார். தேர்தலுக்குத் தேர்தல் புதுப் பாலத்துக்கென்று ஒரு அடிக்கல் நடுவார்கள். பாலம் வளரவில்லை, கற்கள் பெருகின. அவற்றின்மேல் இவர் கருவாடு காயவைப்பார்.

"அம்மன் தீர்த்தம் போற பாதையிலை மீனைக் காயப்போடுறியள். அவா கோவிக்கமாட்டாவோ?" என்று கேட்டேன்.

"கோவிக்கிறதெண்டா கல்லை நட்டுப்போட்டுப் போனவங்களோட முதல் கோவிக்கட்டும்."

எங்கள் அம்மன் கோயில் பொங்கலன்று எண்ணெய்க்குப் பதிலாகக் கடல்நீரில் விளக்கெரியும். அந்த வருஷம் கடலில் தீர்த்தம் அள்ளிவரும் குடம் என் தலைக்கு வந்தது. குடத்தை நிலத்தில் வைக்கக்கூடாது, ஒரு அடியும் பின்வைக்கக்கூடாது. வைத்தால் அது வெறும் உப்புத் தண்ணீர், அந்த வருஷம் விளக்கில்லை.

தீர்த்தம் எடுத்த அதே பின்னேரம் பெரியவர் அடுத்த அடிக்கல்லுக்கு வந்தார். மறிக்காமல் விட்டால் பாலத்துக்குக் காவலாளி வேலை, நிரந்தரம் என்று அவருடைய ஆள் முதல்நாளே வந்து, பச்சைக்கொடியாருக்குப் புதுத் தொப்பியும் போட்டுவிட்டுப் போயிருந்தான். தகரக் கொட்டிலில் கருவாட்டோடு சீவிக்கிற மனிதருக்கு அது சின்ன விஷயமில்லை. பச்சைச் சாரம் உயர்ந்தது. வாகன வரிசை ஏறியது. பறைச்சத்தத்தோடு நாங்கள் மறுபக்கத்தால் ஏறிப் பாதிப் பாலம் வந்திருந்தோம்.

முட்டுப்பட்டோம். பெரியவரின் ஆள் இறங்கினான். "ஐயா, கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ. சுபநேரம் தப்பப்போகுது."

குடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். பின்னால் என் மனைவி, "ஐயோ, காலைப் பின்வைச்சிடாதைங்கோ!" என்று அழுதா. புதுத் தொப்பியோடு பச்சைக்கொடியார் நடுவில் வந்தார். தொப்பியைக் கண்டதும் எங்கள் விளக்கு அணைந்தது என்றே நினைத்தேன்.

அவர் குடத்தைப் பார்த்தார். "இதுக்கு றிவேர்ஸ் கியர் இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

அந்த ஆளிடம் திரும்பினார். "உங்கடை வாகனத்துக்கு?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வேலை வேண்டாமோ?"

"கியர் இருக்கோ, இல்லையோ?"

"இருக்கு..."

"அப்ப எடுங்கோ பின்னுக்கு!"

தொப்பியைக் கழற்றிப் பெரியவரின் வாகனத்து முன்மூடியில் வைத்துவிட்டு, சிவப்புத் துவாயை உயர்த்தினார். ஊரை முன்னேற்ற வந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகப் பின்னேறின. கடைசி வாகனம் சேற்றில் புதைந்தது. பெண்கள் குரவையிட்டார்கள், அது அம்மனுக்கா சேற்றுக்கா என்று நான் கேட்கவில்லை.

நான் கடந்தபோது அவர் கும்பிடவில்லை. "உங்கடை அம்மனிட்டைச் சொல்லுங்கோ, பச்சை காட்டினது நான் எண்டு" என்றார்.

அன்று விளக்கெரிந்தது. அவருக்கு வேலை கிடைக்கவில்லை. புது அடிக்கல்லிலும் இப்போது கருவாடு காய்கிறது.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, அவரைப் பக்தராக்கிவிடாதீர்கள், கோவிப்பார். வீட்டில் விளக்கு வைக்கிறபோது பிள்ளைகளின் பெயருக்கு முன்னால் அவர் பெயரைத்தான் சொல்கிறேன். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பச்சைக்கொடியார் என்றே சொல்கிறேன். அம்மனுக்கு ஆளைத் தெரியும்.