லெதரா பேசுகிறது

"எங்கள் நிறுவனத்தில் குழந்தைகள் கிடையாது. குழந்தைகளைப் பயன்படுத்துவதை வன்மையாகக் கண்டிக்கிறோம்."

கம்பெனி வலைத்தளத்தின் வலது மூலையில், பச்சை வட்டத்துக்குள் குடியிருந்த லெதரா இப்படி இங்கிலீஷில் அடித்துவிட்டு, கீழே கும்பிடும் கை ஒன்றையும் போட்டது. சம்பத் தலையில் கை வைத்தான்.

ஜெர்மன் கம்பெனி கேட்டது வேறு ஒன்றுமில்லை. "ஷூ லைனிங்குக்கு உங்களிடம் கிட் கிடைக்குமா?" இங்கிலீஷில் கிட் என்றால் குழந்தைதான், ஆனால் தோல் தொழிலில் ஆட்டுக்குட்டித் தோல். ஆம்பூரில் இது பஸ் கண்டக்டருக்கும் தெரியும். லெதராவுக்குத் தெரியவில்லை. அதன் ஊர் ஆம்பூர் இல்லை. மாதச் சந்தாவில் எங்கிருந்தோ வந்து சேர்ந்த செயற்கை அறிவு.

"இன்னா சம்பத், நம்ம ஏஜென்ட் எப்படிப் பேசுது?" என்று கேட்டுக்கொண்டே சூரியபிரகாஷ் உள்ளே வந்தார்.

"கண்டிச்சிடுச்சு சார்."

"யாரை?"

"ஆர்டர் குடுக்க வந்தவனை."

சூரியபிரகாஷ் அந்த ஷூ கம்பெனியின் 'டிஜிட்டல் உருமாற்றத் தலைவர்'. விசிட்டிங் கார்டில் பதவியை அச்சடித்ததில் இடம் தீர்ந்துபோய், போன் நம்பர் பின்பக்கம் போயிருந்தது. தினமும் காலையில் வலை வடிவமைப்புச் செய்திகளைப் படிப்பார். டீ வருவதற்குள் அந்தச் செய்தி சம்பத்தின் தலையில் இறங்கும். டார்க் மோடுதான் ட்ரெண்ட் என்று ஒருநாள் படித்தார். தளம் கறுப்பானது. கம்பெனியில் தைப்பதெல்லாம் கறுப்பு ஷூ. கறுப்புக்குள் இருந்த கறுப்பு ஷூவை, வாங்க வந்த எந்த பையரும் கண்டுபிடிக்கவில்லை. அப்புறம் மினிமலிசம் வந்தது. "வெள்ளை இடம் மூச்சு விடணும் சம்பத்" என்றார். அது மூச்சு விடுவதற்காகக் கம்பெனியின் முகவரியும் போன் நம்பரும் தூக்கப்பட்டன. அதற்கும் பிறகு, விரலால் தள்ளத் தள்ள ஷூக்கள் பறந்து வரும் வித்தை. ஓர் இத்தாலிக்காரர் தலை சுற்றுகிறது என்று எழுதினார். அந்த வருஷம் எழுதிய ஒரே ஆள் அவர்தான்.

இதற்கிடையில் தையல் ஹாலில் ஒவ்வொரு லைனாக நின்றது. நின்ற மிஷின்களின் மேல் வெள்ளை பாலிதீன் போர்த்தியிருந்தார்கள். பிணத்துக்குப் போர்த்தின மாதிரி இருக்கிறது என்று சூப்பர்வைசர் ராஜம்மாள் அந்தப் பக்கமே போவதில்லை. ஒடுகத்தூரிலிருந்து நிற்க இடமில்லாமல் வந்த கம்பெனி பஸ்ஸில் இப்போது ஆளுக்கொரு ஜன்னல்.

இந்த நேரத்தில்தான் ஜெர்மன் கம்பெனி அறிவித்தது: இனி எங்கள் ஆட்கள் நேரில் வரமாட்டார்கள். 'ஓட்டோ' என்ற எங்கள் செயற்கை அறிவு ஏஜென்ட் உங்கள் தளத்துக்கு வந்து பேசும், பேரம் முடிக்கும். சூரியபிரகாஷ் பரவசப்பட்டார். ஏஜென்ட்டோடு ஏஜென்ட் பேசுவதுதான் அடுத்த ட்ரெண்ட் என்று அன்று காலையில்தான் படித்திருந்தார். அப்படிப் பிறந்ததுதான் லெதரா.

"லெதரா ஒழுங்கா பேசலைன்னா, இந்த வெப் டிபார்ட்மென்ட் எதுக்குன்னு மொதலாளி கேப்பார்" என்று சம்பத்திடம் சொன்னார்.

"ஒழுங்கா பேசிட்டா சார்?"

சூரியபிரகாஷ் நேர்மையாக யோசித்தார். "அப்பவும் கேப்பார்."

வெப் டிபார்ட்மென்ட் என்பது சம்பத். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவன் கற்ற வலைமொழிகளில் ஒன்று செத்துவிட்டதாக அவ்வப்போது செய்தி வரும். அதற்குத் துக்கம் விசாரித்து முடிப்பதற்குள் இன்னொன்று படுக்கையில் விழும். வேலூரில் நாலு இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தான். நாலிலும் லெதராவின் அக்கா தங்கைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அதனால் இந்த வேலையைத்தான் காப்பாற்றியாக வேண்டும். லெதராவுக்குப் புதுக் கட்டளை எழுதினான்: கிட் என்று கேட்டால் மறுக்காதே. இருக்கிறது, தரமானது என்று பணிவாகச் சொல்.

மறுநாள் ஓட்டோ வந்தது. "மாதம் எவ்வளவு கிட் அனுப்ப முடியும்?"

"எவ்வளவு வேண்டுமானாலும்" என்றது லெதரா. "எங்கள் குழந்தைகள் மிகவும் மிருதுவானவர்கள். மழையில் நனைந்தாலும் சாயம் போகமாட்டார்கள்."

முதலாளி வாஹித் பாஷா இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். மூக்குக்கண்ணாடியை மேஜைமேல் கழற்றி வைத்திருந்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"தம்பி, ஜெர்மன்லருந்து மெயில் வந்திருக்கு. நாம கொழந்தைங்கள தோல் உரிக்கிறோமான்னு கேக்கறான். இன்னா பதில் போடட்டும்?"

"இது ஆரம்பக்கட்டம் சார்" என்றார் சூரியபிரகாஷ். "மெஷின் கத்துக்குது."

"அது கத்துக்கறதுக்குள்ள நாம கதவ சாத்திட்டுப் போய்டலாம். இந்த ஆர்டர் வரலைன்னா பாக்கி இருக்கிற லைனும் நிக்கும். பேஜார் பண்ணாம அத மட்டும் பாரு."

வெளியே வந்ததும் சூரியபிரகாஷ், "மொதலாளிக்கு விஷன் கம்மி" என்றார். "நீ லெதராவுக்குக் கொஞ்சம் அடக்கம் கத்துக்குடு."

சம்பத் கற்றுக்கொடுத்தான். சந்தேகம் வந்தால் மன்னிப்புக் கேள் என்று ஒரு வரி சேர்த்தான். அடுத்த நாள் ஓட்டோ, பழுப்பு நிறம் கிடைக்குமா என்றது. லெதரா பழுப்பு நிறத்துக்காக மன்னிப்புக் கேட்டது. டெலிவரி தேதி கேட்டால் தேதிக்காகக் கேட்டது. அப்புறம் வேகம் பிடித்து, தோல் மண்டியின் நாற்றத்துக்காகவும், தோல் கழிவு கலந்த, யாரும் கேட்காத பாலாற்றுக்காகவும் மன்னிப்புக் கேட்டது.

ஓட்டோவிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது: "தயவுசெய்து ஒரு மனிதரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லவும்."

சூரியபிரகாஷ் உருகிப்போனார். "பாத்தியா, எவ்ளோ பெருந்தன்மை. மனுஷன்கிட்ட இத எதிர்பார்க்க முடியுமா?"

சம்பத் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டான். லெதராவை யாருக்கும் தெரியாமல் அணைத்துப் போட்டுவிட்டு, ராஜம்மாளிடம் போய், சாம்பிள் ரூமில் தூசு தட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டான். லைன் நின்றதால் வீட்டுக்கு அனுப்பப்பட இருந்த சௌம்யா வந்தாள். தோல் தைக்கிறவள். கூடவே இங்கிலீஷில் பட்டம் வாங்கியிருந்தாள். அந்தப் பட்டம் அதுவரை எதற்கும் பயன்பட்டதில்லை.

தொங்கும் தோல்களுக்கு நடுவே ஒரு லேப்டாப்பைப் போட்டு அவளை உட்காரவைத்தான்.

"இனிமே நீதான் லெதரா."

"நான் இன்னா சார் செய்யணும்?"

"மெஷின் மாதிரி பேசணும். இன்னா கேட்டாலும் 'அருமையான கேள்வி'ன்னு ஆரம்பி. கோவம் வரக்கூடாது. அசதி தெரியக்கூடாது."

"தையல் லைன்ல அப்படித்தானே சார் இருந்தோம்" என்றாள் சௌம்யா.

முதல் நாளிலேயே ஒரு சறுக்கல். "டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று அடித்துவிட்டாள். சம்பத் ஓடிவந்து, இனி டீக்குப் போகும்போது "தரவுகள் புதுப்பிக்கப்படுகின்றன" என்று போடச் சொன்னான். ராஜம்மாள் எட்டிப் பார்த்து, "டீக்கு வர்றியாடி?" என்று கேட்டால், "தரவு புதுப்பிச்சிட்டு வந்துர்றேன்க்கா" என்று சொல்லும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

அதன் பிறகு பேச்சு ஓடியது. கிட் என்றால் கிட். பழுப்பு என்றால் பழுப்பு. ஓட்டோ கேட்டது, லெதரா சொன்னது. மெயிலுக்கு விளக்கம் போயிற்று, குழந்தைகள் விவகாரம் அடங்கியது. இரண்டு இயந்திரங்களும் இவ்வளவு நயமாகப் பேசுவதை சூரியபிரகாஷ் தன் அறையின் பெரிய திரையில் போட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். "மனுஷத் தலையீடே இல்ல" என்பார். சாம்பிள் ரூமுக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

ஒருநாள் ஓட்டோ காலையில் காணாமல் போய், சாயங்காலம்தான் வந்தது. சம்பத் பயந்துவிட்டான்.

"சர்வர் மெயின்டனன்ஸ்" என்றார் சூரியபிரகாஷ். "ஜெர்மன்காரன் ஒம்போதுக்கு நிறுத்தினா அஞ்சுக்குப் போடுவான். நம்ம ஊர்ல நடக்குமா இந்த ஒழுக்கம்?"

இன்னொரு நாள் விலை பேசும்போது, இங்கிலீஷ் வாக்கியத்துக்கு நடுவே ஓட்டோ "kammi" என்று அடித்தது. விலை கொஞ்சம் கம்மி ஆகுமா என்று அர்த்தம். சம்பத்துக்கு எங்கோ இடித்தது. சூரியபிரகாஷுக்கு எங்கும் இடிக்கவில்லை.

"நாம பேசுற பாஷைய அது கத்துக்கிச்சு, சம்பத். உள்ளூர் வார்த்தையப் போட்டு பேரம் பேசுது. இதுக்கு வலையுலகத்துல தனியா பேரே இருக்கு."

"இன்னா பேரு சார்?"

"நாளைக்குப் படிச்சுட்டுச் சொல்றேன்."

ஆர்டர் வந்தது. வாஹித் பாஷா மூக்குக்கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கேன்டீனில் எல்லோருக்கும் பிரியாணி. சூரியபிரகாஷ் மைக் பிடித்து, லெதராவுக்குக் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். கடைசி வரிசையில் சௌம்யாவும் தட்டினாள், ஒரு கையில் தட்டு இருந்ததால் தொடையில்.

சாப்பிட்டு முடித்ததும் சூரியபிரகாஷ் சம்பத்தைத் தனியே அழைத்துத் தோளில் கை போட்டார். அவர் தோளில் கை போட்டால் அது ட்ரெண்டைவிட மோசம்.

"லெதராவே எல்லாம் பாத்துக்குது. தளத்தையும் இனிமே அதுவே கட்டிக்கும்னு செய்தி வந்திருக்கு. இந்த மாசத்தோட வெப் டிபார்ட்மென்ட்ட மூடிடலாம்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காத."

"சார், லெதராவ ஒரு ஆள் பாத்துக்கணும்."

"எதுக்கு? அதான் மனுஷத் தலையீடே இல்லையே."

உண்மை சம்பத்தின் தொண்டை வரை வந்தது. வெளியே விட்டால், ஏஜென்ட் என்று சொல்லி ஏமாற்றினீர்களா என்று ஜெர்மன்காரன் ஆர்டரை ரத்து செய்வான். பாக்கி லைனுக்கும் பாலிதீன் விழும். விடாவிட்டால் அவன் ஒருவனுக்கு மட்டும் விழும். பிரியாணியோடு சேர்த்து அதையும் விழுங்கினான்.

நேராக சாம்பிள் ரூமுக்குப் போனான். சௌம்யா லேப்டாப் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். திரையில் பேச்சு எதுவும் ஓடவில்லை.

"சௌம்யா, ஒரு உதவி பண்ணு" என்றான். குரலை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கினான். "நான் சொன்னா இங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஓட்டோ சொன்னா கேப்பாங்க. இந்த மாதிரி ஏஜென்ட்டுக்கு எல்லாம் பின்னால ஒரு வெப் ஆள் கண்டிப்பா இருக்கணும்னு நம்ம மேனேஜ்மென்ட்டுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அதுகிட்ட கேளு. 'அருமையான கேள்வி'ன்னு ஆரம்பிச்சுக்கோ. இத்தனை நாள் பேசிருக்க, உன் பேச்சை அது தட்டாது."

ஒரு மெஷினிடம் சிபாரிசு கேட்டு, இன்னொரு மெஷினாக நடிக்கும் பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்கிறோம் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சௌம்யா சாவிப்பலகையைத் தொடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சூரியபிரகாஷ் யாரிடமோ லெதராவைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் குரல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

"ஓட்டோ மெஷின் இல்ல சார், அது பேரு பாரதின்னு அவளே எனக்கு எழுதினா, திமிரியில வீட்ல உக்காந்து டைப் பண்ற பொண்ணு, நம்ம லெதரா வேலை செய்யற அழகப் பாத்துட்டு, இனிமே ஆளே வேணாம்னு ஜெர்மன்காரங்க நேத்தோட அவளை நிறுத்திட்டாங்களாம்."